முன்னூறு நாள் விடுப்பு

36 வருஷ அரசு வேலையில் நான் அதிகம் பார்த்தது அடுத்தவர்களுடைய விடுப்பு விண்ணப்பங்களைத்தான். எஸ்டாப்ளிஷ்மென்ட் செக்‌ஷன். யாருக்குத் தற்செயல் விடுப்பு எத்தனை மிச்சம், யார் மருத்துவ விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு மச்சினி கல்யாணத்தில் பந்தி பரிமாறிக்கொண்டிருக்கிறார் என்பதெல்லாம் என் மேசைக்கு அத்துப்படி. என்னுடைய கணக்கை மட்டும் நான் தொட்டதில்லை. 2010-இல் ஓய்வு பெற்றபோது ஈட்டிய விடுப்பு 300 நாளும் அப்படியே இருந்தது. 300-க்கு மேல் காசாக்க விதியில் இடமில்லை. அந்தப் பணத்தில் மாடியில் ஓர் அறை கட்டினோம்.

அலுவலகத்தில் எல்லோரும் மெச்சினார்கள். வீட்டுக்கு வந்து சொன்னபோது என் மனைவி, "நல்லதுங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு அடுப்பங்கரைக்குப் போய்விட்டாள். அந்த "நல்லதுங்க"வுக்கு அர்த்தம் தெரிய எனக்குப் 12 வருஷம் ஆயிற்று.

நடுவில் சைக்கிள் வந்து சேர்ந்தது. 61 வயதில் டாக்டர், சர்க்கரை வாசற்படியில் நிற்கிறது, தினமும் நடங்கள் என்றார். புதுச்சேரிக் கடற்கரைச் சாலையில் ஒரு மாதம் நடந்தேன். அங்கே நடக்கிறவர்கள் எல்லோரும் அரசியல் பேசுகிறார்கள். அது சர்க்கரையை இறக்காது, இரத்த அழுத்தத்தை ஏற்றும். ஆகவே சைக்கிளுக்கு மாறினேன். முதலில் கோரிமேடு வரை, பிறகு ஆரோவில், பிறகு மரக்காணம். 66 வயதில் ஒரு பையன் (பையன் என்றால் 40 வயது, வங்கி அதிகாரி) "சார், நீங்க ஒரு பிரெவே ஓட்டலாமே" என்றான்.

பிரெவே! அந்தச் சொல்லைக் கேட்டு எத்தனை வருஷம் ஆயிற்று. எங்கள் காலத்தில் பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவர்களுக்கு பிரெவே என்றால் வயிற்றைக் கலக்கும் பரீட்சை. நான் முதல் தடவை சொல்வதெழுதுதலில் கவிழ்ந்து, மறு வருஷம்தான் தேறினேன். சைக்கிள்காரர்களுடைய பிரெவே வேறு. பாரிஸில் 1904-இல் தொடங்கிய ஓடாக்ஸ் சங்கத்தார் வகுத்த நெடுந்தூரப் பயணம் அது. பந்தயம் அல்ல, முதல், இரண்டாம் என்று கிடையாது. 200 கி.மீ. தூரத்தை 13 மணி 30 நிமிடத்துக்குள், 300-ஐ 20 மணிக்குள், 400-ஐ 27 மணிக்குள், 600-ஐ 40 மணிக்குள் முடிக்க வேண்டும். வழியில் குறித்த இடங்களில் அட்டையில் முத்திரை வாங்க வேண்டும். ஆயுள் முழுக்க முத்திரை குத்தியவனுக்கு, தன் அட்டையில் பிறர் முத்திரை குத்துவதைப் பார்ப்பதில் ஒரு சுகம் இருக்கிறது. இதற்கெல்லாம் தலைச்சன் பாரிஸ்–பிரெஸ்ட்–பாரிஸ். 1891-இல் முதன்முதலாக நடந்தபோது அது பந்தயம்தான். ஷார்ல் தெரோன் என்பவர் 71 மணி 22 நிமிடத்தில் முடித்தார். இப்போது நாலு வருஷத்துக்கு ஒருமுறை, 1200 கி.மீ., 90 மணி நேரம். அங்கே போகும் ஆசை எனக்கு இல்லை என்று சொன்னால் பொய். ஆனால் என் வயதுக்கும் பென்ஷனுக்கும் ஒரு 300 முடித்தால் போதும் என்று மனசைக் கட்டி வைத்திருந்தேன். 200 கி.மீ. நாலு முடித்தாயிற்று. 2022 ஆகஸ்ட் முதல் வாரத்தில் 300 ஒன்று இருந்தது. பணமும் கட்டிவிட்டேன்.

ஏப்ரல் முதல் பயிற்சி. வாரத்தில் நாலு நாள் விடியற்காலை நாலரைக்குக் கிளம்புவேன். ஞாயிறு என்றால் 100, 120 கி.மீ. திரும்பி வரும்போது வீட்டில் எல்லோரும் சாப்பிட்டு முடித்திருப்பார்கள். நான் சாப்பிட்டுப் படுத்தால் மாலை காப்பிக்குத்தான் எழுவேன். ஒரு நோட்டுப் புத்தகம் வைத்திருந்தேன்: தேதி, தூரம், நேரம், காலை நாடித்துடிப்பு. படுக்கையை விட்டு எழுமுன் மணிக்கட்டில் விரல் வைத்து ஒரு நிமிடம் எண்ணுவது. எனக்கு வழக்கமாக 57, 58. ஜூன் கடைசியில் அது 64 ஆயிற்று, பிறகு 66, 68. இராத்திரி இரண்டு மணிக்கே விழிப்பு வந்துவிடும். இட்லியைப் பார்த்தால் பிடிக்கவில்லை. இடது முழங்காலின் வெளிப்பக்கம் மாடிப்படி இறங்கும்போது ஊசி குத்துகிற மாதிரி. இதற்கெல்லாம் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. உடம்பு தன்னைப் பழுது பார்க்க நேரம் கேட்கிறது. பயிற்சி என்பது உடம்பைக் கொஞ்சம் உடைப்பது. அது வலுவாவது ஓய்விலும் தூக்கத்திலும்தான். இளவட்டங்களுக்கு ஒரு நாளில் ஆகிற பழுதுபார்ப்பு நமக்கு இரண்டு மூன்று நாள் ஆகும். இவ்வளவும் தெரிந்துதான், 68 என்று எழுதிய அன்றும் 40 கி.மீ. போய் வந்தேன்.

அந்த வாரம்தான் பேரனிடம் கத்தியது. ஒன்பது வயது. கால்பந்துக்குக் காற்றடிக்கிறேன் என்று என் பம்பை எடுத்து அதன் முனையை வளைத்துவிட்டான். நூறு ரூபாய் சமாச்சாரம். நான் போட்ட சத்தத்தில் எதிர்வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார். பையன் அழவில்லை. பம்பை மெதுவாகச் சுவரோடு சாய்த்து வைத்துவிட்டு உள்ளே போய்விட்டான். அவன் அழுதிருந்தால் எனக்கு இத்தனை நாள் ஞாபகம் இருந்திருக்காது.

அன்று இராத்திரி மனைவி கேட்டாள். "மாங்கனிக்குக் காரைக்கால் போகணும். ஒரு வாரம். நீங்களும் வரணும்."

அவளுக்குக் காரைக்கால்தான் பிறந்த ஊர். கொரோனாவால் இரண்டு வருஷம் திருவிழா வழக்கம்போல நடக்கவில்லை. அந்த வருஷம்தான் பழையபடி நடந்தது. அவளுடைய அண்ணனுக்கு 81 வயது. மகளும் பிள்ளைகளோடு வருவதாக இருந்தது. நான் கணக்குப் போட்டேன். 300-க்கு இன்னும் சில வாரங்கள்தான். ஒரு வாரம் விட்டால் போச்சு. "இரண்டு நாள் வரேன்" என்றேன்.

அவள் கோபப்படவில்லை. "300 நாள் லீவைக் காசாக்கினீங்க. அதுல ஒரு நாளாவது எனக்குச் சேர வேண்டியது இல்லையா? ஏழு நாள் கேக்கறேன்" என்றாள்.

எஸ்டாப்ளிஷ்மென்டில் 36 வருஷம் இருந்தவனுக்கு அந்த விண்ணப்பத்தை நிராகரிக்க ஒரு விதியும் கிடைக்கவில்லை.

ஆனாலும் எழுத்தர் புத்தி போகுமா? சைக்கிள் செருப்பையும் அரைக்கால் சட்டையையும் ஒரு துண்டில் சுற்றிப் பையின் அடியில் வைத்தேன். காரைக்காலில் யாரிடமாவது நல்ல சைக்கிள் இருக்காதா என்ற எண்ணம். கடலூர், சிதம்பரம், சீர்காழி, தரங்கம்பாடி என்று மகளுடைய காரில் போய் இறங்கினோம். பையைப் பிரித்த மனைவி துண்டையும் பிரித்தாள். செருப்பை எடுத்துப் போய் அண்ணன் வீட்டு அரிசிப் பானைக்குப் பின்னால் வைத்துவிட்டாள். ஒரு வார்த்தை பேசவில்லை.

முதல் இரண்டு நாள் நரகம். பாரதியார் சாலைக்குப் பின்னால் இருக்கிற தெருவில் பழைய ஓட்டு வீடு, திண்ணையும் முற்றமும் இன்னும் இருக்கின்றன. விடியற்காலை நாலரைக்கு விழித்துக்கொண்டு திண்ணையில் உட்காருவேன். கால் தானாக ஆடும். மற்றவர்கள் எனக்கு முன்னால் ஓட்டிக்கொண்டு போவது போலவும், நான் பின்னால் நிற்பது போலவும் இருக்கும். யார் அந்த மற்றவர்கள்? வங்கி அதிகாரி ஒருவன். அவன் என்னை விட 26 வயது சின்னவன். என்னை அவன் எப்போதோ தாண்டிப் போய்விட்டான்.

இந்த இடத்தில் ஒரு பிரெஞ்சுக்காரரைப் பற்றிச் சொல்ல வேண்டும். போல் தெ வீவி என்று பெயர். சைக்கிள்காரர்களுக்கு அவர் வெலோசியோ. 1853-இல் பிறந்து 1930-இல் இறந்தவர். சேன்-எத்தியென் ஊரில் சைக்கிளுக்கென்றே பத்திரிகை நடத்தினார். நெடுந்தூரம் ஓட்டுகிறவர்களுக்கு ஏழு கட்டளைகள் எழுதி வைத்திருக்கிறார். பசிக்குமுன் சாப்பிடு, தாகத்துக்குமுன் குடி என்பதெல்லாம் எல்லோரும் அடிக்கடி சொல்வது. பசியும் தூக்கமும் கெட்டுப்போகிற அளவுக்குக் களைத்துப் போகாதே என்பதும் அதில் ஒன்று. இன்னொன்று, 'அமூர்-ப்ரோப்ர்' காரணமாக மிதிக்காதே என்பது. அந்தச் சொல்லுக்குத் தமிழில் எது சரி என்று திண்ணையில் உட்கார்ந்து யோசித்தேன். தன்மானம் என்றால் உயர்ந்துவிடுகிறது. கர்வம் என்றால் கொஞ்சம் அதிகம். வீம்பு என்பதுதான் கிட்டத்தில் வருகிறது. பள்ளியில் எங்கள் பிரெஞ்சு வாத்தியார் என்னைப் பார்த்து அடிக்கடி சொன்ன சொல் அது. நான் பாராட்டு என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

மூன்றாம் நாள் மதியம் நீலம் மாம்பழமும் தயிர்ச் சோறும் சாப்பிட்டுவிட்டுத் திண்ணையில் சாய்ந்தேன். விழித்தபோது விளக்கு வைத்துவிட்டார்கள். நாலு மணி நேரம். பேரன் பக்கத்தில் உட்கார்ந்து என் குறட்டையைத் தன் அம்மாவுடைய போனில் பதிவு செய்துகொண்டிருந்தான். "தாத்தா, மோட்டார் பம்ப்செட் மாதிரி இருக்கு" என்றான். பம்ப் என்ற சொல் அவன் வாயிலிருந்து வந்ததும் எனக்குச் சுருக்கென்றது. "அந்தப் பம்பை நானே சரி பண்ணிட்டேன்டா, உன்மேலே தப்பில்லை" என்றேன். உண்மையில் சரி பண்ணவில்லை. ஊருக்குத் திரும்பியதும் பண்ண வேண்டியதாயிற்று.

மறுநாள் மாலை எல்லோருமாகத் தரங்கம்பாடி போனோம். டேனிஷ்காரர்கள் 1620-இல் கட்டிய கோட்டை. சைக்கிளில் அந்த ஊர் வழியாக மூன்று தடவை போயிருக்கிறேன், ஒருமுறையும் பிரதான சாலையை விட்டு உள்ளே திரும்பியதில்லை. திரும்பினால் 20 நிமிடம் போய்விடும். அன்று கோட்டைச் சுவரில் உட்கார்ந்து இரண்டு மணி நேரம் கடலைப் பார்த்தோம். மனைவி கடலை வாங்கி, உரித்து, பாதியை என் கையில் கொட்டிக்கொண்டே இருந்தாள். கடைசியாக எப்போது இப்படி உட்கார்ந்தோம் என்று இருவரும் யோசித்தோம். அவளுக்கு வருஷம் ஞாபகம் இருந்தது. நான் அதை இங்கே எழுதப்போவதில்லை.

மாங்கனித் திருவிழாவைப் பற்றி நம் பக்கத்து ஆட்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆனிப் பௌர்ணமியில் பிச்சாண்டவர் பவளக்கால் சப்பரத்தில் வீதியுலா வருவார். வீட்டு மாடிகளிலிருந்தும் மொட்டை மாடிகளிலிருந்தும் மாம்பழத்தை வாரி இறைப்பார்கள். கீழே நிற்கிறவர்கள் கையிலும் முந்தானையிலும் பிடிப்பார்கள். குழந்தை வரம் வேண்டுகிறவர்களுக்கு அந்தப் பழம் பெரிய பிரசாதம்.

மச்சான் அன்று காலை என்னைக் கூப்பிட்டார். "மாப்பிள்ளே, சப்பரம் பாக்கணும். கார் உள்ளே விட மாட்டாங்க. நீங்க கூட வந்தா நடந்துருவேன்."

வீட்டிலிருந்து சாலை முனை 600 மீட்டர் இருக்கும். மச்சானுக்கு இரண்டு முழங்காலும் தேய்ந்தவை. வலது கண்ணில் புரை. கைத்தடி ஒரு பக்கம், என் தோள் ஒரு பக்கம். பத்து அடி வைத்தால் நிற்க வேண்டும். என்னுடைய கால்கள் நாலு மாதமாக மணிக்கு 22 கி.மீ. வேகத்துக்குப் பழக்கப்பட்டவை. முதல் நூறு மீட்டர் அவரை நான் இழுத்தேன் என்றுதான் சொல்ல வேண்டும். அவர் நின்று, மூச்சு வாங்கி, "மாப்பிள்ளே, சாமி நம்ம தெருவைத் தாண்டினா மறுபடியும் வரும். நான் விழுந்தா எந்திரிக்க மாட்டேன்" என்றார். அதற்கப்புறம் அவர் வேகத்துக்கு நடந்தேன். அந்த 600 மீட்டருக்கு 40 நிமிடம் ஆயிற்று. சத்தியமாகச் சொல்கிறேன், எந்த 200 கி.மீ.யிலும் என் தொடை அப்படி நடுங்கியதில்லை. மெதுவாக நடப்பது தனி வித்தை; அதற்குத் தசையும் வேறு, பொறுமையும் வேறு.

ஒரு கடை வாசலில் நாற்காலி கேட்டு வாங்கி உட்கார வைத்தேன். உட்கார்ந்தபடியே மச்சான் சொன்னார்: "அறுபத்து மூவர்லே எல்லாரும் நிக்கறாங்க. நம்ம அம்மையார் மட்டும்தான் உக்காந்திருப்பாங்க. கவனிச்சிருக்கீங்களா?" எத்தனை சிவன் கோயிலில் அந்த வரிசையைப் பார்த்திருக்கிறேன்! கவனித்ததில்லை. கயிலாயத்துக்குத் தலையால் நடந்து போனவர் அவர். அதைவிடப் பெரிய நெடும்பயணம் எவனும் போனதில்லை.

சப்பரம் வந்தது. பழங்கள் மழையாகக் கொட்டின. ஒன்று என் முதுகில் விழுந்து உருண்டது, பேரன் பாய்ந்து எடுத்தான். மச்சான் இரண்டு கையையும் நீட்டிக்கொண்டே உட்கார்ந்திருந்தார். கண் சரியாகத் தெரியாததால் எதுவும் கையில் விழவில்லை. யாரோ ஓர் இளம்பெண், தான் பிடித்த இரண்டில் ஒன்றை அவர் கையில் வைத்துவிட்டுக் கூட்டத்தில் போய்விட்டாள்.

அன்று இராத்திரி முற்றத்தில் பாய் போட்டுப் படுத்திருந்தோம். மச்சான் தன் போக்கில் பழைய கதைகள் சொல்லிக்கொண்டிருந்தார். அதில் 1988 மார்ச் வந்தது. என் மாமியார் படுக்கையில் விழுந்த மாதம். என் மனைவி இரண்டு சின்னப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு தனியாகப் பேருந்தில் வந்தாள். நான் வரவில்லை. மார்ச், வருஷக் கணக்கு முடிக்கிற மாதம். யாரும் எனக்கு விடுப்பு மறுக்கவில்லை. நான் கேட்கவே இல்லை. ஒன்பதாம் நாள் மாமியார் போய்விட்டார். மறுநாள் காலையில் வந்து சேர்ந்தேன், இரண்டு நாள் தற்செயல் விடுப்பில்.

மச்சான் இதைக் குற்றமாகச் சொல்லவில்லை. "அம்மா கடைசி வரைக்கும், மாப்பிள்ளை வந்துட்டாரான்னு கேட்டுக்கிட்டே இருந்துச்சு. ஆபீஸ்ல பெரிய வேலை, வந்துருவாருன்னு தங்கச்சி சொல்லிக்கிட்டே இருந்துச்சு" என்றார். அவ்வளவுதான். பிறகு தூங்கிவிட்டார். மனைவி பக்கத்துப் பாயில் விழித்திருந்தாள் என்பது அவள் மூச்சில் தெரிந்தது. "இதை நீ என்கிட்ட சொன்னதே இல்லையே" என்றேன். "சொல்லி என்ன ஆகப் போவுது? தூங்குங்க" என்றாள்.

அன்று நான் தூங்கவில்லை. இந்தத் தடவை அதற்கும் பயிற்சிக்கும் சம்பந்தமில்லை.

ஏழு நாள் பதினொன்றாயிற்று. மகளும் பிள்ளைகளும் கிளம்பிப் போனார்கள். நாங்கள் இருவரும் தங்கிவிட்டோம். யாரும் கேட்கவில்லை, நானே சொன்னேன். காலையில் மச்சானை அரசலாற்றங்கரை வரை ஆட்டோவில் கூட்டிப்போய் ஐம்பது அடி நடக்க வைப்பேன். நாடித்துடிப்பை எட்டாம் நாள்தான் எண்ணிப் பார்த்தேன். 58. முழங்கால் ஊசி எப்போது நின்றது என்று கவனிக்கவில்லை. ஒரு வாரம் விட்டால் எல்லாம் போய்விடும் என்று பயந்தேனே, புதுச்சேரி திரும்பிச் சைக்கிளை எடுத்த முதல் நாள் மரக்காணம் போய் வர முன்பைவிடப் பத்து நிமிடம் குறைவாகவே ஆயிற்று.

ஆகஸ்ட் 300-ஐ நான் ஓட்டவில்லை. மச்சானுக்குக் கண் புரை அறுவைக்குப் புதுச்சேரியில் தேதி கிடைத்தது, அதே சனிக்கிழமைக்கு. பணம் போனது போனதுதான், திருப்பித் தர மாட்டார்கள். மச்சான் எங்கள் வீட்டில் ஆறு நாள் தங்கினார். 300 நாள் விடுப்பில் கட்டிய மாடி அறையை அவருக்குக் கொடுக்கலாம் என்று சுத்தம் செய்து வைத்தேன். அவரால் படி ஏற முடியாது என்று எனக்குத் தோன்றவே இல்லை. கூடத்தில் கட்டில் போட்டோம். நாலாம் நாள் சுவரில் இருந்த என் 200 கி.மீ. அட்டையைக் கிட்டத்தில் கொண்டுவரச் சொல்லிப் புதுக்கண்ணால் முத்திரைகளை ஒவ்வொன்றாக எண்ணினார். "இதுக்குச் சம்பளம் உண்டா மாப்பிள்ளே?" என்று கேட்டார்.

அடுத்த ஜனவரியில் 300 முடித்தேன். 19 மணி 25 நிமிடம். கடைசி 40 கி.மீ. தூக்கத்தில் ஓட்டினேன். அட்டை பத்திரமாக இருக்கிறது.

அந்த நோட்டுப் புத்தகத்தில் காரைக்கால் நாட்களுக்குத் தூரம் என்ற இடத்தில் 'ஈ.வி.' என்று எழுதியிருந்தேன், ஈட்டிய விடுப்பு என்பதற்கு. ஒரு நாள் மனைவி அதைப் புரட்டிப் பார்த்து என்னவென்று கேட்டாள். சொன்னேன். உடனே கணக்குப் போட்டாள்: 300-இல் 11 போனால் 289. அண்ணன் இங்கே வந்து தங்கிய ஆறு நாள் சேராதாம், அது டூட்டியாம். மரக்காணம் போய்விட்டுச் சாப்பாட்டு வேளைக்குள் திரும்பி வருகிற நாளும் சேராதாம். நான் ஒரு வாதமும் செய்யவில்லை. நோட்டின் கடைசிப் பக்கத்தில் இப்போது அவள் கையெழுத்தில்தான் அந்தக் கணக்கு இருக்கிறது. நேற்று மாலை கடற்கரையில் இருவரும் ஒரு மணி நேரம் உட்கார்ந்துவிட்டு வந்தோம். அதை அரை நாளாக எடுத்துக்கொள்ளும்படி கேட்டிருக்கிறேன். இன்னும் உத்தரவு வரவில்லை.